ஒன்பது நிமிடக் கூலி

நாற்காலியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டுக்கொள்கிறேன் மேடம். என் கழுத்து இடது பக்கம் திரும்பாது. இருபத்தொன்பது வருஷம் கிரேன் கூண்டுக்குள் உட்கார்ந்து வலது பக்கமாகக் குனிந்து கீழே பார்த்துப் பார்த்து அது அப்படியே நின்றுவிட்டது. காலையில் எழுந்ததும் பின்கழுத்தில் யாரோ ஈரத் துணியைப் பிழிவதுபோல வலிக்கும். பத்து மணிக்கு மேல் அது தோளுக்கு இறங்கிவிடும். இப்போது தோளில் இருக்கிறது. பேசுவதற்குத் தொந்தரவு இல்லை.

இரண்டு காகிதங்களை எடுத்துப் பக்கத்துப் பக்கத்தில் வைத்திருக்கிறீர்கள். ஒன்று போன வாரம் உங்கள் பென்ஷன் ஆபீசில் நான் கொடுத்த மனு. இன்னொன்று இரண்டு வருஷத்துக்கு முன்னால் விபத்து விசாரணையில் நான் சொன்னதைத் தட்டச்சு செய்தது. இரண்டிலும் இருப்பது என் கையெழுத்துதான். அதைச் சரிபார்க்க வேண்டியதில்லை.

முதலில் மனுவைச் சொல்லிவிடுகிறேன், அதுதானே என் காரியம். விபத்து நடந்த அந்த ஞாயிற்றுக்கிழமை எங்களுக்குக் காலை எட்டு முதல் இரவு எட்டு வரை ஓவர்டைம். இரண்டு நாற்பதுக்கு வேலை நின்றது. மீதி ஐந்து மணி இருபது நிமிடம் என் கணக்கில் ஏறவில்லை. போன மாதம்தான் பென்ஷனுக்கான சராசரித் தாள் என் கைக்கு வந்தது, ஆறு தடவை எழுதிக் கேட்டபிறகு. அன்றைக்கே உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஓவர்டைமுக்கு இரட்டைக் கூலி. அதை முப்பத்தாறால் வகுத்துப் பாதியாக்கினால் மாதத்துக்கு ஒன்பது நிமிடக் கூலி. ஒன்பது நிமிடத்துக்காக ஒருவன் மூன்று பஸ் மாறி வருவானா என்று உங்கள் குமாஸ்தா வெளியே சொன்னது எனக்குக் கேட்டது. அவருக்கு வயசு குறைவு. மாதம் ஒன்பது நிமிடம், சாகும்வரை, அதற்குப் பின்னால் என் மனைவிக்கு அதில் பாதி. விடுவதற்கு எனக்கு மனசு வரவில்லை.

எங்கள் ஆலையின் விதி உங்களுக்குத் தெரிந்ததுதான். கடைசி முப்பத்தாறு மாதம் வாங்கிய சம்பளத்தை ஓவர்டைமோடு சேர்த்துக் கூட்டி, சராசரி எடுத்து, அதில் பாதி பென்ஷன். அதற்கு முந்தைய இருபத்தாறு வருஷம் எப்படி உழைத்தான் என்று எந்தத் தாளும் கேட்காது. அதனால் முப்பத்தாறுக்குள் நுழைகிறவரை ஓவர்டைம் என்றால் முகத்தைச் சுளிக்கிற ஆள், நுழைந்த அன்றிலிருந்து ஆலையே கதியென்று கிடப்பான். நுழைந்தவன் லாக்கர் கதவில் சகாக்கள் சாக்பீஸால் 36 என்று பெரிதாக எழுதுவார்கள். மாசம் முடிந்ததும் அவனே ஈர விரலால் அழித்து 35 என்று எழுத வேண்டும். அன்றைக்கு எல்லோருக்கும் அவன் செலவில் டீ.

என் கதவில் எழுதியவன் என் தங்கை புருஷன். மாப்பிள்ளை என்று கூப்பிடுவேன். ஷெட்டில் மற்றவர்களுக்கு அவன் பம்பரம். சுமையை ஏற்று என்பதற்கு ஒரு விரலை உயர்த்திச் சுழற்றிக் காட்ட வேண்டும், அவன் விரலைச் சுழற்றினால் கூடவே ஆளும் சுற்றுவான். என் கிரேனுக்குக் கீழே நின்று சைகை காட்டுகிறவன் அவன்தான். பதினான்கு வருஷ ஜோடி. என்னை எல்லோரும் மேல்மாடி என்பார்கள், அந்தப் பெயர் வைத்ததும் அவன்தான்.

அன்றைக்கு சாக்பீஸைத் தட்டிக்கொண்டே கேட்டான். "பென்ஷன் வாங்கிட்டு என்ன மச்சான் பண்ணப் போறீங்க?"

"உக்காருவேன்," என்றேன்.

"இருபத்தாறு வருஷமா அதைத்தானே பண்றீங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவன் மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது மேடம். இதை எழுதிக்கொள்ளுங்கள்.

உட்காருவது என்று நான் சொன்னது சும்மா இல்லை. என் அப்பா கல் உடைத்தார். அறுபத்தெட்டு வயசில் சம்மட்டியைத் தூக்க முடியாமல் சுத்தியலுக்கு வந்தார், அதையும் தூக்க முடியாதபோது பக்கத்தில் இருக்கிறவர்கள் தங்கள் குவியலிலிருந்து கொஞ்சம் அள்ளி அவர் குவியலில் போடுவார்கள். அதை அளந்து அவருக்குக் கூலி. விரல்கள் சுத்தியல் பிடித்த மாதிரியே மடங்கி நின்றுவிட்டன. அந்தக் கையில் டம்ளர் நிற்காது. அம்மா ஊட்டிவிடுவாள், அவர் வாயைத் திறந்துகொண்டு எங்கள் யாரையும் பார்க்காமல் சுவரைப் பார்ப்பார். அடுத்தவன் அள்ளிப் போடுவதில் நான் சாப்பிடக் கூடாது என்று அப்போதே முடிவு செய்துகொண்டேன். அது தப்பான எண்ணமா, நீங்களே சொல்லுங்கள்.

அதனால் முப்பத்தாறு தொடங்கியதும் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டித்தான் இருந்தோம். சேமநிதியில் கட்டாயத் தொகைக்கு மேல் இன்னொரு மடங்கு பிடித்துக்கொள்ள எழுதிக் கொடுத்தேன். பாலைப் பாதியாக்கினோம். என் மனைவிக்குக் கடைவாய்ப் பல் இரண்டு பிடுங்க வேண்டியிருந்தது, முப்பத்தாறு முடியட்டும் என்றேன். அவள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "பல்லே இல்லாம பென்ஷன் சோத்தை எப்படிங்க மெல்லறது?" என்று கேட்டாள். ஆனாலும் பொறுத்துக்கொண்டாள். நல்லவள்.

இப்போது ஆணிப் பலகை. அதைச் சொல்லாவிட்டால் உங்களுக்கு மீதி புரியாது. ஷெட் வாசலில் ஒரு மரப் பலகை, அதில் பதினொரு ஆணி. ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு தகரத் தட்டு, அதில் இருவர் பெயரும் இருக்கும். ஓவர்டைம் வந்தால் முதல் ஆணியில் தொங்குகிற ஜோடிக்குத்தான் முதல் உரிமை. முப்பத்தாறுக்குள் நுழைந்தவன் தட்டை முதல் ஆணிக்கு மாற்றுவார்கள். நிர்வாகத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, தொழிலாளிகள் நாங்களே போட்டுக்கொண்ட ஏற்பாடு. ஒரே ஒரு நிபந்தனை. ஜோடி உடைந்தால் தட்டு கடைசி ஆணிக்குப் போய்விடும். சண்டை, மாற்றல், சீக்கு, எதனால் உடைந்தாலும் அப்படித்தான். இல்லையென்றால் ஆளாளுக்கு வசதிபோல ஜோடி மாற்றிக்கொள்வார்கள். பதினொன்றாவது ஆணியில் இருப்பவனுக்கு மாதத்தில் ஒரு நாள் ஓவர்டைம் கிடைத்தாலே பெரிசு.

நிபந்தனைக்கு ஒரு விலக்கும் உண்டு. ஒருவனுக்கு வேலையில் அடிபட்டு ஜோடி உடைந்தால் மற்றவன் தட்டு இருந்த ஆணியிலேயே இருக்கும். முன்பு ஒரு சைகைக்காரர், கிரேன்காரருக்கு ஆணி போய்விடுமே என்று நசுங்கின கையைத் துணியால் சுற்றிக்கொண்டு நாள் முழுக்க வேலை செய்தார். கையை எடுக்க வேண்டியதாகிவிட்டது. அதற்குப் பிறகு கூட்டம் போட்டு இந்த விலக்கைக் கொண்டுவந்தோம். கை தூக்கியவர்களில் நானும் ஒருவன். இரக்கத்தில் செய்தது.

என் கதவில் 16 என்று இருந்த மாதம், ஷெட் குழாயடியில் கை கழுவும்போது மாப்பிள்ளை சொன்னான். "மச்சான், பக்கவாட்டுல ஒண்ணும் தெரிய மாட்டேங்குது. நேரா பாத்தா நல்லாத் தெரியுது. ஓரமெல்லாம் யாரோ துணி போட்டு மூடின மாதிரி இருக்கு."

வீட்டில் நிலைப்படியில் இரண்டு தடவை தோளை இடித்துக்கொண்டானாம். கண் டாக்டர் பார்த்துவிட்டு, நரம்பு போய்க்கொண்டிருக்கிறது, போனது திரும்பாது, சொட்டு மருந்து போட்டால் இருப்பது கொஞ்ச நாள் நிற்கும் என்றிருக்கிறார். சாமான் கிடங்குக்கு மாற்றல் கேட்கலாம் என்று அவன் நினைத்தான். சம்பளம் கொஞ்சம் குறையும், ஆனால் அவனுக்கு இன்னும் ஒன்பது வருஷம் இருந்தது. மகள் நர்ஸ் படிப்பில் முதல் வருஷம். உயிரோடு முழுசாக இருந்தால் போதும் என்றான்.

"பதினாறு மாசம் தள்ளு மாப்பிள்ளை," என்றேன். "நான் மேலயிருந்து பாத்துக்கறேன்."

"உங்க கண்ணை வச்சு நான் பாக்கறதா?"

"ஏன், உன் கண்ணை வச்சு நான் பதினாலு வருஷமா பாக்கலையா?"

அவன் தலையாட்டினான். எதையும் மறுத்துப் பேசத் தெரியாத ஆள்.

அப்புறம் எங்களுக்குள் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். அவனுக்கு இடது பக்கம் ஏதாவது வந்தால் ஒரு ஹாரன். வலது பக்கம் வந்தால் இரண்டு. ஷெட்டில் நாள் முழுக்க ஹாரன் அடித்துக்கொண்டே இருப்பதால் யாரும் கவனிக்கவில்லை. இரண்டு வாரத்தில் அவனுக்கு அது பழகிவிட்டது. நான் ஒன்று அடித்தால், திரும்பிக்கூடப் பார்க்காமல் இரண்டு அடி வலது பக்கம் நகர்ந்துவிடுவான். ஹாரன் இல்லையென்றால் பாதை காலி. அவனுக்கு அதுதான் கணக்கு.

வருஷாந்தரக் கண் பரிசோதனையும் வந்தது. எழுத்துப் பலகையை அவன் கடைசி வரி வரை படித்துவிடுவான். சிக்கல் அந்தப் பெட்டியில்தான். முகத்தை உள்ளே வைத்துக்கொண்டு, ஓரத்தில் வெளிச்சம் தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்த வேண்டும். எனக்கு முன்பே ஒரு விஷயம் தெரியும். அது பழைய பெட்டி, விளக்கு மாறும்போது உள்ளே 'டக்' என்று சின்னதாக ஒரு சத்தம் வரும். "வெளிச்சத்தைத் தேடாதே, டக் கேட்டா அழுத்து, அஞ்சுக்கு ஒண்ணு வேணும்னே விட்டுடு" என்று சொல்லி அனுப்பினேன். வெளியே வந்து என் காதில் சொன்னான்: "மச்சான், டாக்டர் பாராட்டறாரு. இருபத்தஞ்சு வயசுக்காரன் கண்ணாம்." சொல்லிவிட்டுச் சிரிக்கவில்லை. வழக்கமாக அவன்தான் முதலில் சிரிப்பான்.

இதுவரை நான் செய்ததில் யாருக்கு என்ன கெடுதல்? நான்கு மாதம் அவனுக்கு ஒரு கீறல்கூட விழாமல் பார்த்துக்கொண்டேன். மேலே இருந்து சுமையைப் பார்க்க வேண்டும், வயரைப் பார்க்க வேண்டும், அவனையும் பார்க்க வேண்டும். என் கழுத்து மோசமானது அந்த நான்கு மாதத்தில்தான்.

கதவில் 12 என்று இருந்தபோது ஒரு தள்ளுவண்டி அவனை உரசிக்கொண்டு போனது. நான் ஹாரன் அடித்தேன், வண்டிச் சத்தத்தில் அவனுக்குச் சரியாகக் கேட்கவில்லை. சட்டை கிழிந்தது, அவ்வளவுதான். ஆனால் அவன் பயந்துவிட்டான். மறுநாள் மாற்றல் கேட்டுக் கடிதம் எழுதிக்கொண்டு வந்துவிட்டான். கண் குறைபாட்டை மறைக்காமல் எழுதியிருந்தான், டாக்டர் சீட்டும் இணைத்திருந்தான். சைகைக்காரன் மாற்றல் கேட்டால் கிரேன்காரன் கையெழுத்துப் போட்டு அலுவலகத்தில் சேர்க்க வேண்டும், அதுதான் முறை. என்னிடம் கொடுத்தான். வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். கையெழுத்தும் அன்றைக்கே போட்டுவிட்டேன். சேர்க்கத்தான் இல்லை.

மூன்று வாரம் தினமும் கேட்டான். "குடுத்தாச்சா மச்சான்?" "குடுத்தாச்சு, மேல போயிருக்கு." "என்ன சொன்னாங்க?" "ஆபீஸ்னா அப்படித்தான், ஆமை மாதிரி நகரும்." நான் பொய் சொல்லிப் பழக்கப்பட்டவன் இல்லை. அதனால் அந்த மூன்று வாரம் எனக்குத் தூக்கம் சரியில்லை. அதற்குள் கதவில் 11 ஆகிவிட்டது.

சனிக்கிழமை வேலை முடிந்து லாக்கரைப் பூட்டும்போது சொன்னான். "மச்சான், திங்கக்கிழமை நானே நேரா போயிடறேன். உங்க தங்கச்சி அழுவறா. இனிமே என்னால முடியாது. கோவிச்சுக்காதீங்க."

"இதுல கோவிக்க என்ன இருக்கு?" என்றேன். "நாளைக்கு ஒரு நாள் வந்துடு. நம்ம பேர் போட்டாச்சு."

"வர்றேன். உங்களுக்காக வர்றேன்."

வீட்டுக்குப் போய்க் கணக்குப் போட்டேன். பதினொரு மாதம் கடைசி ஆணியில் கிடந்தால் சராசரி எவ்வளவு இறங்கும் என்று. அதுவரை சேர்த்த இருபத்தைந்து மாத உழைப்பும் பாதிப் பிரயோஜனம் இல்லாமல் போய்விடும். ஜோடி எப்படியும் உடையப் போகிறது. எப்படி உடைகிறது என்பதில்தான் வித்தியாசம். அன்றைக்கு நான் யோசித்தது ஒரு கால் விரலைப் பற்றித்தான் மேடம். சத்தியமாகச் சொல்கிறேன். இரும்புத் தொப்பி வைத்த பூட்ஸ், அதன் ஓரத்தில் சுமை இறங்கினால் ஒரு விரல், அதிகம் போனால் இரண்டு. மூன்று மாதம் முழுச் சம்பளத்தோடு லீவு. அதற்குப் பிறகு அவன் கேட்ட அதே கிடங்கு வேலை, அடிபட்டவன் என்பதால் சம்பளமும் குறையாது. அவனுக்கும் நல்லதுதான். கடிதம் கொடுத்துப் போனால் கிடைக்காத ஒன்று இப்படிப் போனால் கிடைக்கும். அவனிடம் நான் கேட்டிருந்தால் ஒருவேளை சரியென்றுகூடச் சொல்லியிருப்பான்.

ஞாயிற்றுக்கிழமை. மத்தியானச் சாப்பாடு முடிந்து பெரிய குழாய்க் கட்டு ஒன்றை வண்டியிலிருந்து எடுத்துச் சுவரோரத் தாங்கியில் அடுக்க வேண்டும். ஆறு ஆள் நீளம். அவன் கட்டின் நடுப்பகுதிக்கு எதிரே நின்று உள்ளங்கையைக் கவிழ்த்து, இறக்கு, இறக்கு என்று காட்டிக்கொண்டிருந்தான். கட்டின் வால் பக்கம் மெதுவாகத் திரும்பி அவனுக்கு இடப்புறமாக வந்துகொண்டிருந்தது. அவனுக்குப் பின்னால் தாங்கியின் இரும்புத் தூண். நல்ல கண் உள்ளவன் பார்த்ததும் இரண்டு எட்டு வைத்து வெளியே போயிருப்பான்.

ஒரு ஹாரன் அடிக்க வேண்டிய இடம் அது.

அடிக்கவில்லை. நான் செய்தது அவ்வளவுதான். அவன் இறக்கு என்று காட்டினான், நான் இறக்கினேன். கிரேன்காரன் சைகையை மீறக் கூடாது என்பது விதி.

நீங்கள் கேட்பது நியாயமான கேள்விதான். கட்டு அப்போது தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருந்தது? இடுப்பு உயரம். இருபத்தொன்பது வருஷம் ஓட்டியவனுக்கு உயரம் தெரியாதா என்றும் கேட்கிறீர்கள். தெரியும். ஒரு சாண் வித்தியாசத்தைக்கூட மேலிருந்து சொல்லிவிடுவேன். இடுப்பு உயரத்தில் வருகிற கட்டு கால் விரலில் இறங்காது. அதுவும் தெரியும். ஆனாலும் நான் நினைத்துக்கொண்டிருந்தது விரலைத்தான். அதை எப்படி விளங்கவைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

கட்டு தூணைத் தொட்டதும் நிறுத்தினேன். யாரும் கத்துவதற்கு முன்னால் நிறுத்தினேன். ஏணியில் நாற்பத்தொரு படி. முழங்கால் பிடித்துக்கொண்டதால் இறங்கிவர எனக்கு நேரமாகிவிட்டது. அதற்குள் கட்டை நகர்த்தி அவனைத் தரையில் கிடத்தியிருந்தார்கள். பார்ப்பதற்கு ரத்தம் அதிகம் இல்லை. முகம் வெளுத்திருந்தது. நான் குனிந்தேன். அவன் நேராகப் பார்த்ததால் என்னை அடையாளம் தெரிந்தது.

"மச்சான், ஹாரன் அடிச்சீங்களா? எனக்குக் கேக்கலையே."

"அடிச்சேன் மாப்பிள்ளை," என்றேன்.

"அப்ப காதும் போச்சு போல," என்றான். சிரிக்கப் பார்த்தான் என்று நினைக்கிறேன். ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் போய்விட்டான்.

நான் வேறு என்ன சொல்லியிருக்க முடியும்? போகிற நேரத்தில் ஒருவன் மனசு நொந்து போகக் கூடாது.

விசாரணையில், சுவரோரத் தூண் மறைத்தது, அவன் நின்ற இடம் எனக்குத் தெரியவில்லை என்றேன். நீங்கள் வைத்திருக்கிற இரண்டாவது காகிதம் அதுதான். அவன் லாக்கரில் கண் சொட்டு மருந்து கிடைத்தது. இவருக்குக் கண் குறை இருந்தது உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டார்கள். தெரிந்தே ஓட்டினேன் என்றால் என் உரிமம் போகும், பதினொரு மாதமும் போகும். என்னிடமும் மறைத்துவிட்டான் என்றேன். குறையை மறைத்து வேலை செய்ததால் விபத்துக்கு அவரே பொறுப்பு என்று எழுதினார்கள். முழு நஷ்டஈடு நூற்றிருபது மாதச் சம்பளம். அப்படி எழுதியதால் என் தங்கைக்குக் கிடைத்தது பதினெட்டு மாதம். அந்தக் கடிதத்தை நான் அன்றைக்குக் காட்டியிருந்தால் அவன் மறைக்கவில்லை என்று ஆகியிருக்கும். கடிதம் இன்னும் வீட்டில் இருக்கிறது, சேமநிதிப் புத்தகத்துக்குள். கையெழுத்துப் போட்ட காகிதம் எதையும் நான் கிழிப்பதில்லை.

என் தட்டு முதல் ஆணியிலேயே இருந்தது. புதுசாக வந்த சைகைக்காரர் நடுவயதுக்காரர், அதிகம் பேசமாட்டார், கண் நல்ல கண். பதினொரு மாதத்தில் நான் விட்ட ஓவர்டைம் ஒரே நாள். அடக்கத்தன்று.

தங்கை இப்போது ஒரு ஆஸ்பத்திரியில் துணி துவைக்கிற இடத்தில் வேலை செய்கிறாள். மகள் படிப்பை விட்டுவிட்டு ஒரு கடையில் பில் போடுகிறாள். காரியமெல்லாம் முடிந்தபிறகு ஒருநாள் தங்கை கேட்டாள். "அண்ணே, அவரு உங்ககிட்ட ஒரு லெட்டர் குடுத்தேன்னு சொன்னாரே, அது என்னாச்சு?"

"ஆபீஸ்ல எங்கயோ மாட்டிக்கிச்சும்மா. தேடறாங்க," என்றேன்.

"பரவால்லண்ணே. நீங்க மேல இருக்கீங்கன்னுதான் அவரு கடைசி வரைக்கும் பயமில்லாம போனாரு," என்றாள். எனக்குத் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு போட்டாள்.

அப்புறம் மனுவில் ஏன் மாற்றி எழுதினேன் என்று கேட்கிறீர்கள். மாற்றி எழுதவில்லை மேடம். படிவத்தில் ஒரு கட்டம் இருக்கிறது. விபத்தைத் தன் கண்ணால் பார்த்து, தானே சுமையை நிறுத்திய கிரேன்காரனுக்குத்தான் மீதி நேரக் கூலி உண்டு என்று போட்டிருக்கிறது. நான் பார்த்துத்தான் நிறுத்தினேன். யாரோ கத்தியபிறகு நிறுத்தவில்லை. அதனால், 'அவர் நின்ற இடத்தைத் தொடக்கம் முதலே தெளிவாகப் பார்த்துக்கொண்டிருந்தேன், சுமை தூணைத் தொட்ட கணத்தில் நானாகவே நிறுத்தினேன்' என்று எழுதினேன். உண்மையைத்தான் எழுதினேன். பழைய காகிதத்தோடு சேர்த்து வைத்து யாராவது படிப்பார்கள் என்று தோன்றவில்லை. ஒன்பது நிமிடம்தான் கண்முன்னால் நின்றது.

சரி, மறைக்க இனி ஒன்றும் இல்லை. நான் ஹாரன் அடித்திருந்தால் அவன் இருந்திருப்பான். அடிக்காமல் இருந்தது மறதியால் இல்லை. என் விரல் ஹாரன் பொத்தானின் மேலேயே இருந்தது. ஏழெட்டு விநாடி நேரமிருந்தது. எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்றை மட்டும் யோசித்துச் செய்யுங்கள். என் பென்ஷனை நிறுத்தினால் நஷ்டம் எனக்கு மட்டும் இல்லை. ஓய்வு பெற்றது முதல் ஒவ்வொரு மாதமும் முதல் தேதி, அவன் வாங்கின மாதச் சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்கை என் தங்கை கையில் கொடுத்து வருகிறேன். யாரும் கேட்கவில்லை, நானாகக் கொடுக்கிறேன். பதினைந்து மாதம் கொடுத்தாயிற்று, ஆக மூன்று மாதச் சம்பளம் தீர்ந்தது. நூற்றிருபதில் பதினெட்டு முன்பே வந்துவிட்டது. மீதியை இதே மாதிரி கொடுத்து முடிக்க நாற்பத்தொரு வருஷமும் மூன்று மாதமும் ஆகும். எனக்கு இப்போது அறுபத்தொன்று. நாள் தவறாமல் கொடுப்பேன், அந்த விஷயத்தில் என்மேல் யாரும் குறை சொன்னதில்லை.

என் தங்கைக்கு நான் இன்னும் தரவேண்டிய பாக்கி தொண்ணூற்றொன்பது மாதச் சம்பளம். அதைத் தவிர வேறு யாருக்கும் நான் எதுவும் பாக்கி இல்லை.